கரிசல் மண் வீங்குவதும் கிணற்று நீரும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் ஐப்பசி மழைக்குப் பிறகு வரப்பில் நடந்து போனால் சில இடங்களில் ஒரு வேறுபாடு கண்ணில் படும். வரப்புக்கு இருபுறமும் ஒரே கரிசல்தான். மானாவாரியாக விடப்பட்ட புறத்தில் மழை விட்ட சில நாட்களில் களைக்கொத்து ஓட்ட முடிகிறது. ஆண்டுதோறும் கிணற்று நீர் பாய்ச்சி மிளகாய் எடுத்த புறத்திலோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. காய்ந்த பிறகு மேல்மண் ஓடு போல் இறுகிவிடுவதால் முளை வெளியே வருவதில்லை. விதையைக் குறை சொல்வோர் உண்டு; நிலம் ராசியில்லை என்போரும் உண்டு. இரண்டும் சரியல்ல. கரிசல் மண் எதனால் வீங்குகிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

கரிசலில் பெரும்பாலும் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் களி உண்டு. ஆனால் களியின் அளவைவிட அதன் வகையே முக்கியம். செவல் மண்ணின் களியில் கயோலினைட் என்ற வகை மிகுந்திருக்கும். கரிசலில் மிகுந்திருப்பது மாண்ட்மொரில்லோனைட். இரண்டும் சீட்டுக் கட்டைப் போல மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டவையே. கயோலினைட்டின் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் இடையே நீர் நுழைவதில்லை. மாண்ட்மொரில்லோனைட்டில் தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றைத் தள்ளி விலக்குகிறது. மண் வீங்குகிறது. கோடையில் அந்த நீர் வெளியேறும்போது மண் சுருங்கி, கை நுழையும் அகலத்திற்கு வெடித்து, ஒரு மீட்டர் ஆழத்திற்கும் மேல் பிளவு இறங்குகிறது. களியின் வகையை எவரும் மாற்ற முடியாது. வண்டி வண்டியாக மணல் அடித்துக் கரிசலைச் செவலாக்கிவிடலாம் என்பது கட்டுப்படியாகாத ஆசை.

எவ்வளவு காய்ந்திருந்ததோ அவ்வளவுக்கு மண் வீங்கும். முதல் மழை வெடிப்புகளின் வழியே நேராக அடிமண்ணுக்குப் போகிறது. வெடிப்பு மூடிக்கொண்டால் பிறகு பெய்யும் மழை மிக மெதுவாகவே இறங்கும். ஆகவே பயிரில்லாத கோடையில் வெடிப்பைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை; அது மழையை உள்ளே வாங்கும் வாய். பயிர் நிற்கும்போது வெடித்தால்தான் கெடுதல். வேர் அறுபடும், ஈரமும் ஆவியாகிப் போகும். அப்போது மேலாகக் களைக்கொத்து ஓட்டி, பொலபொலப்பான மண்ணால் வெடிப்பை மூட வேண்டும்.

இனி, விவசாயியின் கையில் இருக்கும் விஷயம். களித் தகடுகளின் மேல் கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்றவை ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியம் மிகுந்திருந்தால் தகடுகள் ஓரளவு விலகியதும் நின்றுவிடும். மண் கட்டுக்குள் வீங்கும். காய்ந்ததும் பொலபொலவென்று உதிரும். நல்ல கரிசலின் குணம் இதுதான். சோடியம் சேர்ந்துவிட்டால் அந்தப் பிடிப்பு இல்லை. தகடுகள் விலகிக்கொண்டே போய்த் தனித்தனியாகப் பிரிந்து நீரில் மிதக்கும். பிறகு படிந்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். நீர் இறங்காமைக்கும் மேல்மண் ஓடு கட்டுவதற்கும் இதுவே காரணம்.

இதில் விவசாயிகளை ஏமாற்றும் ஒன்று உண்டு. உப்பு மிகுந்த கிணற்று நீர் பாயும் வரையில் கெடுதல் வெளியே தெரியாது. நீரில் உள்ள உப்பே களியைப் பிரியவிடாமல் கூட்டி வைத்திருக்கும். ஆனால் அந்த நீரில் உள்ள சோடியம் சிறிது சிறிதாகக் களியில் ஏறிக்கொண்டிருக்கும். மழை நீரில் உப்பு இல்லை. அது விழுந்து மேல்மண்ணின் உப்பைக் கழுவியதும் களி பிரிந்து சேறாகிவிடுகிறது. ஆண்டெல்லாம் கிணறு செய்த கெடுதலுக்குப் பழி மழையின் மேல் விழுகிறது!

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் போதும். ஒன்றில் மழை நீரும் மற்றதில் பாசனக் கிணற்று நீரும் ஊற்ற வேண்டும். வயலில் எடுத்து நன்றாக உலர்த்திய பட்டாணி அளவு மண்கட்டியை ஒவ்வொன்றிலும் மெதுவாக இட்டு, கலக்காமல், அசைக்காமல் மறுநாள் வரை வைத்திருக்க வேண்டும். கட்டி உடைந்து சரிந்தால் மட்டும் அச்சமில்லை. மழை நீரில் உள்ள கட்டியைச் சுற்றிப் பால் போல் கலங்கல் பரவி, கிணற்று நீர் தெளிவாகவே இருந்தால் மண்ணில் சோடியம் ஏறிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்த வேலை மண்ணையும் நீரையும் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புவது. தழை, மணி, சாம்பல் சத்துகளோடு நிற்காமல் மாற்றுச் சோடிய விழுக்காட்டையும் ஜிப்சம் தேவையையும் கணக்கிட்டுத் தரும்படி கேட்க வேண்டும். சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் களர் என்பது பொதுவான கணக்கு. கரிசலில் அதற்கு வெகு முன்பே தொல்லை தொடங்கிவிடும்.

"மண்ணில்தான் சுக்கான் கல் கிடக்கிறதே, அதுவும் சுண்ணாம்புதானே, ஜிப்சம் எதற்கு?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். சுக்கானில் கால்சியம் உண்டு. ஆனால் அது நீரில் மிகச் சிறிதே கரையும். ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும். அதன் கால்சியம் களியில் ஏறி, சோடியத்தை வெளியேற்றும். சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால், அது மக்கும்போது சுக்கானும் ஓரளவு கரையும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது.

ஜிப்சத்தைப் பரிசோதனை சொல்லும் அளவில்தான் இட வேண்டும். அது பெரும்பாலும் டன் கணக்கில் வரும். இரண்டு மூட்டை தூவிவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் பொருளில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பொடியாகத் தூவி மேல்மண்ணோடு கலந்துவிட வேண்டும். வெளியேறும் சோடியம் நீரோடு போவதற்கு வடிகால் அவசியம். வடிகாலில்லாத வயலில் ஜிப்சம் இடுவது பணத்தை மண்ணில் புதைப்பதுதான்.

அதே கிணற்று நீர் தொடர்ந்து பாய்ந்தால் சோடியம் மீண்டும் ஏறும். நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் என்று பரிசோதனையில் வந்தால், பம்பு நீர் விழும் இடத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, அதில் ஜிப்சக் கட்டிகளைப் பரப்பி, நீர் அவற்றின் ஊடே போய் வாய்க்காலில் இறங்கும்படி அமைக்கலாம். கட்டிகள் கரையக் கரையப் புதியவற்றைப் போட்டு வர வேண்டும்.