விண்ணின் கணக்கும் மண்ணின் சாக்ஷியமும்

2015-ஆம் வருஷம் டிஸம்பர் முதல் தேதி பெய்த பெருமழையைத் தாம்பரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கின. இதற்கு வானத்தை மட்டும் குற்றஞ் சாட்டுவது பாதி உண்மையேயாகும். நவம்பர் மாதத்துக் கனமழையால் பூமி முன்னமே நீர் நிறைந்திருந்தபடியால், புதிதாக விழுந்த நீரைக் குடிக்க மண்ணில் இடமில்லை. ஆகவே, மழை எவ்வளவு என்பதைப் போலவே மண்ணில் ஈரம் எவ்வளவு என்பதும் ஜனங்களின் உயிரைப் பற்றிய விஷயமாகும்.

இவ்வீரத்தை ஆகாயத்திலிருந்து அளக்கும் வித்தை இப்பொழுது கைகூடியிருக்கிறது. ஐரோப்பியர் 2009-லும், அமெரிக்கர் 2015-லும் இதற்கென்றே செயற்கைக்கோள்களை ஏவினர். 2025 ஜூலை 30-ந் தேதி, இந்தியாவும் அமெரிக்காவும் கூடிச் செய்த நிஸார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ராக்கெட்டில் ஏறிச் சென்றது. ஆனால் இவை ஈரத்தை நேரே காண்பனவல்ல. நனைந்த மண்ணும் காய்ந்த மண்ணும் நுண்ணலைகளை வெவ்வேறு விதமாக வெளியிடுகின்றன, திருப்பியும் அனுப்புகின்றன. அவ்வேற்றுமையிலிருந்து ஈரத்தைக் கணக்கிட்டு ஊகிக்கிறார்கள். குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாக்ஷியத்தை நியாயஸ்தலங்கள் எளிதில் ஏற்பதில்லை. இங்கே விசாரிக்க வேண்டியது மண்ணையே.

மண்ணை வெட்டியெடுத்து நிறுத்து, 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்ப்பதே பழைய முறை. பூமியில் புதைக்கும் மின்கருவிகளையும் இதைக் கொண்டே சரிபார்க்கிறார்கள். கஷ்டம் எங்கே என்றால், அளவில்தான். 2015-ல் ஏவிய அமெரிக்கக் கோளின் கணக்கு 36 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே எண். அதுவும் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைப் பற்றியது. தாம்பரத்தை நடுவில் வைத்து அச்சதுரத்தை வரைந்தால், செம்பரம்பாக்கம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு, வண்டலூர்க் காடு, தார் ரோடுகள், வங்கக் கடலின் ஓரம் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு குழியில் எடுத்த ஒரு பிடி மண் இதற்குச் சாக்ஷியாகுமா? அக்கோளை அமைத்தவர்களே, 4 சதவிகிதத்துக்கு மேல் பிழை வராது என்ற தங்கள் இலக்கிலிருந்து நகரங்களையும் நீர்நிலைகளையும் விலக்கி வைத்தார்கள். தாம்பரம் போன்ற ஊர்கள் அவ்விலக்கில் அடங்கியவை. நிஸாரோ 200 மீட்டர் அளவுக்கு நுணுகிப் பார்க்க அமைந்தது. பார்வை நுணுக நுணுக விசாரணையும் நுணுக வேண்டுமன்றோ?

இது நம்மால் ஆகாத காரியமன்று. கர்நாடகத்தில், குண்டுலுப்பேட்டைத் தாலுகாவிலுள்ள பேரம்பாடியில், பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தார் பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, சுமார் 50 நிலங்களில் ஈரத்தை அளந்து செயற்கைக்கோள் கணக்கோடு ஒப்பிட்டனர். அப்பரப்பு 84 சதுர கிலோமீட்டரே. அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யலாகாது?

இந்திய சர்க்காரின் 2016-ஆம் வருஷத்து வறட்சி நிர்வாகக் கையேடு, மண்ணீரத்தையும் வறட்சியின் அடையாளங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. எண் பிழைத்தால் குடியானவனின் நிவாரணமும் பிழைக்கும். ஆதலால் தாலுகாதோறும் மண்ணீரம் அளக்கும் நிலையங்களை சர்க்கார் நிறுவி, அவற்றின் கணக்கை ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். 1937 முதல் தாம்பரத்தில், விசாலமான காட்டு நிலத்தினிடையே விளங்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி போன்ற ஸ்தாபனங்களும், அவற்றின் மாணவர்களும் இதில் கைகொடுத்தால் வேலை எளிதாகும். கோடிக்கணக்கில் செலவிட்டு வானத்தில் கண் வைத்த தேசம், அக்கண் கண்டது மெய்தானா என்று பார்க்க மண்வெட்டிக்குச் செலவிடத் தயங்கலாகாது.