ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளியின் தரம் என்ன ஆகும்?

மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வின் முடிவு வெளியான மறுநாள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தமிழ் நாளிதழைப் புரட்டினால் பக்கம் பக்கமாகச் சிரித்த முகங்கள் இருந்தன. எத்தனை பேருக்கு 8ஏ, அதாவது எட்டுப் பாடத்திலும் ஏ, என்பது பெற்றோரின் கேள்வி. தலைமையாசிரியர்கள் கேட்டது வேறு: ‘ஜிபிஎஸ் எவ்வளவு?’ பள்ளியின் சராசரித் தரப்புள்ளியைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள்.

கணக்கு எளிது. ஏ வாங்கினால் 1, பி வாங்கினால் 2, இப்படியே இ-க்கு 5. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். புள்ளி குறையக் குறையப் பள்ளிக்குப் பெருமை. ஆனால் இந்த எளிய எண்ணுக்குள் ஒரு பொறி இருக்கிறது.

ஆறாம் ஆண்டில் பத்தே பேர் படிக்கும் ஒரு தோட்டப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடத்தில் ஒன்பது பேருக்கு ஏ. பத்தாவது பிள்ளை காய்ச்சலோடு வந்து எழுதி இ வாங்குகிறது. அந்தப் பாடத்தில் பள்ளியின் புள்ளி 1.00-இலிருந்து 1.40-க்குப் போய்விடும். அதே காய்ச்சல் 250 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் புள்ளி 1.016. ஒரு குவளைத் தேநீரில் விழுந்த உப்புக்கும் கல்யாண வீட்டு அண்டாவில் விழுந்த உப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி அண்டா. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளிலேயே மிகப் பெரியதாகப் பெயர் பெற்றது அது. மொத்தமே 150 பேருக்குக் குறைவாக உள்ள ‘குறைந்த மாணவர் பள்ளிகள்’ குவளைகள்.

இதற்கு விதி வகுத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஆப்ரஹாம் தெ மொய்வர். ஆட்களின் எண்ணிக்கை 25 மடங்கு கூடினால், தற்செயலால் சராசரி ஆடும் ஆட்டம் 5 மடங்கு குறையும். அதாவது சின்னப் பள்ளி ஒரு வருடம் உச்சியில் நிற்கும், மறு வருடம் அடியில் கிடக்கும். ஆசிரியர்கள் அதே ஆசிரியர்களாகத்தான் இருப்பார்கள்!

அமெரிக்காவில் இதைக் கவனிக்காமல் பணம் கொட்டினார்கள். 2000-களின் தொடக்கத்தில் கேட்ஸ் அறக்கட்டளை சிறிய பள்ளிகளை ஊக்குவித்தது. சிறந்த பள்ளிகளின் பட்டியலில் சின்னப் பள்ளிகள் அதிகம் இருப்பதும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. ஹவார்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியாவின் 1,662 பள்ளிகளை ஆராய்ந்தார். மிகச் சிறிய 50 பள்ளிகளில் 6 பள்ளிகள் முதல் 50 இடங்களுக்குள் இருந்தன. ஆகா என்று பட்டியலின் அடியைப் பார்த்தால், கடைசி 50-இல் 9!

சரி, எண்களையே தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். வேறு வகை எண் ஒன்று மலேசியாவிலேயே இருந்தது. 2010-இல் வந்த லீனுஸ் திட்டம், ஒன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளை மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எழுதவும் படிக்கவும் எண்ணவும் தெரிந்திருக்க வேண்டும் என்றது. அதன் அழகு இலக்கில் இல்லை, சோதனையின் கட்டமைப்பில் இருந்தது. மலாய் வாசிப்பை 12 படிகளாக உடைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ‘கொன்ஸ்ட்ருக்’ என்று பெயர். எழுத்துகள், ‘பா’, ‘பூ’ போன்ற அசைகள், ‘பூக்கு’ (புத்தகம்) போன்ற சொற்கள், ‘ங்’ ஒலி வரும் ‘பூரோங்’ (பறவை), ஈருயிர் சேரும் ‘பூலாவ்’ (தீவு), பிறகு வாக்கியம், கடைசியில் பொருள் புரிதலும் சொந்தமாக வாக்கியம் அமைத்தலும்.

இரண்டு பிள்ளைகள் நூற்றுக்கு 40 வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘பூரோங்’ வந்ததும் திக்கி நிற்கிறது. மற்றது முழு வாக்கியத்தையும் தடுமாறாமல் வாசிக்கிறது, ஆனால் என்ன வாசித்தாய் என்றால் விழிக்கிறது. முதல் பிள்ளைக்கு ஒலிப் பயிற்சி போதும். இரண்டாவதற்குக் கதையும் பேச்சும் வேண்டும். 40 என்ற எண் இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடும். 12 படிகளோ பிரித்துக் காட்டும். எந்தப் பிள்ளையைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவது, அங்கே எதில் தொடங்குவது என்ற முடிவுகள் இப்படித்தான் பிறந்தன.

லீனுஸ் இப்போது இல்லை. யுபிஎஸ்ஆரும் 2019-க்குப் பிறகு நடக்கவில்லை, 2021-இல் ரத்தானது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்கள். சராசரி மட்டும் இடைநிலைப்பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் உயிரோடு இருக்கிறது. அதன் தர அளவுகோல் யுபிஎஸ்ஆரைவிட நீளமானது, ஆனால் அங்கும் புள்ளி குறைந்தால்தான் பெருமை. தேசியச் சராசரி 2023-இல் 4.60, 2024-இல் 4.49. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதும் தேர்வில் அந்த 0.11 கவனிக்க வேண்டிய முன்னேற்றம். பத்துப் பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் ஒரு பாடத்தில் ஏ-இலிருந்து சி-க்கு, எஸ்பிஎம் அளவுகோலில் ஐந்து புள்ளி, இறங்கினாலே அந்தப் பாடத்தின் சராசரி 0.5 நகர்ந்துவிடும்.

ஆகவே, அறிக்கை அட்டை வாங்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘என் பிள்ளை எத்தனையாவது?’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்தப் படியில் நிற்கிறான், அடுத்து என்ன தெரிய வேண்டும்?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சின்னப் பள்ளி என்றால் ஒரு வருட முடிவைப் பார்த்துப் பிள்ளையை மாற்றாதீர்கள். மூன்று வருட எண்களைச் சேர்த்துப் பாருங்கள்.