பைட்டேஸ் வாங்குமுன் எதைக் கேட்க வேண்டும்?

சோயாப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மத்தில் சிக்கிக் கிடக்கிறது. அதை உடைக்கப் போதுமான நொதி கோழிக்கும் இல்லை, மீனுக்கும் இல்லை. அதற்காகத்தான் தீவனத்தில் பைட்டேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறோம். பாஸ்பரஸுக்காகத் தனியே சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டின் செலவும் குறையும்.

மூட்டையில் ‘கிராமுக்கு 5,000 யூனிட்’ என்றிருக்கும். விலையை அந்த எண்ணால் வகுத்துப் பார்த்து வாங்குவதுதான் வழக்கம். ஆனால் அந்த யூனிட்டை எங்கே அளந்தார்கள்? ஆய்வகத்தில், 37 டிகிரி சூட்டில், பிஎச் 5.5-இல். கோழி இரைப்பையின் அமிலம் அதைவிடக் கடுமையானது. ரோகு, கட்லாவுக்கோ இரைப்பையே கிடையாது. குடல் ஏறக்குறைய நடுநிலை, உடல் சூடு குளத்துத் தண்ணீரின் சூடு. அமிலத்தில் ஓடியாடும் நொதி அங்கே படுத்துவிடும். பிஎச் 3-லும் 7-லும் எவ்வளவு செயல்திறன் மிஞ்சுகிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் நான் வாங்கமாட்டேன்.

அடுத்து, சூடு. நொதி ஒரு புரதம், வெந்தால் கெடும். குருணைத் தீவனம் தயாரிக்கையில் சூடு 80 டிகிரியைத் தொடும், மிதவைத் தீவனத்தில் 100-ஐத் தாண்டும். பூச்சிட்ட நொதி ஓரளவு தாங்கும்; பூச்சு தடித்தால் குடலில் கரையத் தாமதமாகும். மிதவைத் தீவனத்துக்கு, உலர்ந்து ஆறியபின் திரவ நொதியைத் தெளிப்பதே மேல். எதுவானாலும் உங்கள் ஆலையில் தயாரான தீவனத்தின் சாம்பிளைத்தான் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பண்ணையில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் பாஸ்பரஸைக் குறைத்த தீவனத்தில், நொதி சேர்த்தும் சேர்க்காமலும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பாஸ்பரஸ் நிறைந்த தீவனத்தில் நல்ல நொதியும் மட்டமான நொதியும் ஒரே முடிவைத்தான் காட்டும்.