கடலைத் தோடும் ஒரு கையெழுத்தும்

பக்கத்து வீட்டுத் தங்கை நேற்று மாலை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு வந்தாள். கையில் பள்ளியில் கொடுத்த படிவம், எச்.பி.வி. தடுப்பூசிக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டிருந்தார்கள். டீயும் அவித்த கடலையும் கொண்டுவந்து வைத்தேன். "நீ உள்ளே போய் டிவி பாரும்மா" என்று மகளை அனுப்பப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு போட்டிருக்குக்கா. கல்யாணமே ஆகாத பிள்ளைக்கு இப்ப எதுக்கு?" என்றாள்.

ஊசி அவளுக்குத்தானே, அவளும் கேட்கட்டும் என்று மகளை உட்கார வைத்தேன்.

எச்.பி.வி. 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட வைரஸ் குடும்பம். கைகாலில் வரும் மருவுக்குக் காரணமும் இதே குடும்பம்தான். பாலுறவில் தொற்றும் வகைகளில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பே ஓரிரு ஆண்டில் அதை விரட்டிவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் 15, 20 ஆண்டு ஓசையில்லாமல் இருந்து புற்றாகிறது. ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வரும் நோய் என்று சொல்வது பெரிய அநியாயம். கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும்.

"ஊசியில அந்த வைரஸைத்தான் உள்ளே விடுவாங்களா பெரியம்மா?" என்றாள் மகள்.

அவள் தின்றுவிட்டுப் போட்ட கடலைத் தோட்டை மூடிக் காட்டினேன். பார்த்தால் முழுக் கடலை. உள்ளே பருப்பில்லை, மண்ணில் போட்டாலும் முளைக்காது. ஊசியில் இருப்பதும் வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும்தான். அந்த ஓட்டை உடம்பு பழகிக்கொள்ளும். நிஜ வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு மடக்கிவிடும். ஆனால் ஏற்கெனவே குடியேறிவிட்டதை இந்த ஊசியால் விரட்ட முடியாது. 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வது அதனால்தான். இலங்கையில் 2017 முதல் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டுவருகிறார்கள்.

"ஆந்திராவுல பிள்ளைங்க செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே?"

அந்தப் பயத்தை ஒதுக்கக் கூடாது. 2009-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த திட்டத்தில் ஊசி போட்டவர்களில் 7 சிறுமிகள் இறந்தார்கள்; 2010-ல் திட்டத்தை நிறுத்தினார்கள். நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, மலேரியா போன்றவையே காரணங்கள். ஊசிக்குத் தொடர்பு இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால் பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்பது நிஜம், அது பெரிய தவறு. ஆகவே இவள் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் சரி. ஊசி போட்ட கை வலிக்கும். சில பிள்ளைகளுக்குத் தலைசுற்றும், கால்மணி நேரம் உட்காரவைத்து அனுப்புவார்கள். பிள்ளைப்பேற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்ப எனக்கு?" என்றாள்.

அவளுக்கு வயது 38. அவளுக்கு வேண்டியது சோதனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கவைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். மாறத் தொடங்கிய இடம் வெளுத்துத் தெரியும். சில நிமிட வேலை. புற்றாகும் முன்பே கண்டால் அங்கேயே தடுத்துவிடலாம். ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், 30 வயதில் மகளும் இந்தச் சோதனைக்குப் போக வேண்டும்.