உங்களுக்குத் தெரியுமா? ஒரு துளி ஓசையில் ஒரு முழு இசை

1987-இல் வந்த ‘அமிகா 500’ வீட்டுக் கணினியின் நினைவகம் வெறும் 512 கிலோபைட். விநாடிக்கு 16,000 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்) வீதம் 8 பிட் தரத்தில் ஒலியைப் பதித்தால், மொத்த நினைவகமும் சுமார் 32 விநாடியில் நிரம்பிவிடும்! அதில் முழுப் பாட்டு எப்படி இசைத்தார்கள்?

• வெட்டு: நாதஸ்வரத்தின் நீண்ட ‘ஸ’ வேண்டுமா? ஊதத் தொடங்கும் நொடியையும், அதையடுத்துச் சீராக ஒலிக்கும் சிறு துண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கலாம்.

• சுழற்சி: அந்தச் சிறு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் சுரம் நீளும். ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கின் கடைசி நுனியை அழுத்தி ஒட்டுவதுபோல, அலையின் முடிவும் தொடக்கமும் ஒரே உயரத்தில் பொருந்த வேண்டும். பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்று கேட்கும்.

• சுருதி: அதே துண்டை வேகமாக ஓட்டினால் மேல் சுரம், மெதுவாக ஓட்டினால் கீழ்ச் சுரம்.

• கோர்ப்பு: ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987-இல் உருவாக்கிய ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ மென்பொருள், 15 ஒலித் துண்டுகளை 4 தடங்களில் அடுக்கி இசையாக்கியது.

இன்றைய கைப்பேசி இசையாக்கச் செயலிகள் பலவும் இதே அடிப்படையில் இயங்குகின்றன. நம் ஊர்த் திருவிழாப் பம்பையின் ஓர் அடியைப் பதிந்து, இன்றே வெட்டிச் சுழற்றிப் பாருங்கள்!