பதின்பருவ அமானுடக் காதல் புதினங்களில் ஆவியும் மறுபிறப்பும்

முன்னுரை

இறந்தவரின் ஆவி உயிருள்ளவரைக் காதலிப்பதும், முற்பிறவிக் காதல் இப்பிறவியில் தொடர்வதும் ஆங்கிலப் பதின்பருவ அமானுடக் காதல் புதினங்களில் பயின்றுவரும் கதைக்கூறுகளாகும். இவை அச்சமூட்டுவதற்காக மட்டும் அமைவன அல்ல. காதலர் இருவருள் முன்கதையை அறிந்தவர் யார், முடிவெடுக்கும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்னும் வினாக்களையும் இவை எழுப்புகின்றன. அமெரிக்க எழுத்தாளர்களான மெக் கபோட்டின் 'தி மீடியேட்டர்', லாரன் கேட்டின் 'ஃபாலன்' ஆகிய புதினத் தொடர்களைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

ஆவியாகிய காதலன்

'தி மீடியேட்டர்' தொடரின் முதல் நூலான 'ஷேடோலேண்ட்' 2000ஆம் ஆண்டு ஜென்னி கரோல் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவின் கார்மல் நகருக்குக் குடிபெயரும் 16 வயது சூஸ், ஆவிகளைக் காணவும் அவற்றோடு பேசவும் வல்லவள். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் கொலையுண்ட ஜெஸ்ஸியின் ஆவி அவளது அறையிலேயே தங்கியிருக்கிறது. ஆவிகளின் தீராக் குறைகளைத் தீர்த்து அவற்றை அடுத்த நிலைக்கு அனுப்புவது சூஸின் கடமை. கடமையைச் செய்தால் காதலனை இழப்பாள். காதலனைத் தக்கவைத்தால் கடமையில் தவறுவாள். இம்முரணே கதையை நகர்த்துகிறது. இங்கு ஆற்றல் பெண்ணிடம் உள்ளது. ஆணோ காலத்தில் உறைந்து, வளரவும் மூப்படையவும் இயலாதவனாக உள்ளான்.

மறுபிறப்பெடுக்கும் காதலி

2009இல் வெளிவந்த 'ஃபாலன்' இந்நிலையைத் தலைகீழாக்குகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரையொட்டிய சீர்திருத்த விடுதிப்பள்ளியில் சேரும் 17 வயது லூஸ், பல பிறவிகள் எடுத்தவள். விண்ணிலிருந்து வீழ்ந்த தேவதூதனாகிய டேனியலை ஒவ்வொரு பிறவியிலும் காதலித்து இளமையிலேயே இறப்பவள். இச்சுழற்சி அவரவர் வினைப்பயனால் அமைவதன்று. காதலர்மீது இடப்பட்ட சாபமாகும். மறுபிறப்பும் மறதியும் அவளுக்கு. இறவாமையும் நினைவும் அவனுக்கு. எனவே, அவன் காதலிப்பது கண்முன் நிற்கும் லூஸையா, தன் நினைவில் நிற்கும் பழைய பெண்களையா என்னும் ஐயம் எழுகிறது. ஞானஸ்நானம் பெறாத அவளுக்கு இப்பிறவியே இறுதியானது என்பது இவ்வையத்தை மேலும் கூர்மையாக்குகிறது. மூன்றாம் நூலான 'பேஷன்' (2011) இதற்கு விடை தேடுகிறது. டேனியலின் சொல்லை மட்டும் நம்பியிராமல், லூஸ் தன் முற்பிறவிகளுக்குள் தானே பயணித்து அவற்றை அறிகிறாள்.

முடிவுரை

இருவேறு வழிகளில் தொடங்கும் இத்தொடர்கள் ஒரே இடத்தில் நிறைவடைகின்றன. ஜெஸ்ஸி உயிருள்ள உடலைப் பெறுகிறான். 'ராப்ச்சர்' (2012) நூலின் முடிவில் லூஸும் டேனியலும் இறவாமையைத் துறந்து, பழைய நினைவு ஏதுமற்ற மானிடராகச் சந்திக்கின்றனர். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' தொடரில் நாயகி காதலனுக்காக மானிட வாழ்வைத் துறந்து குருதியுண்ணும் இனத்தில் ஒருத்தியாகிறாள். இங்கோ காதலன் மானிட வாழ்வுக்குள் வருகிறான். ஒருவர் மட்டும் மூப்படைவதும், ஒருவர் மட்டும் நினைவைச் சுமப்பதும் நிகரான காதலாகா என்பதே இம்முடிவுகளின் உட்பொருள். அமானுடத்தைக் கொண்டு தொடங்கும் இப்புனைவுகள், அதனைக் கைவிடும்போதே காதலர் இருவரையும் ஒத்த நிலையில் நிறுத்துகின்றன.