பதிவேட்டில் ஒரு பெயர்

மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் வரலாற்றை நீண்டதொரு பெயர்ப் பட்டியலுடன் தொடங்குகின்றார். நம்மில் பலர் அதனை விரைந்து கடந்து சென்று விடுவதுண்டு. ஆயினும், ஒரு குழந்தையின் வேரைத் தேடிச் சென்றவர்கள் ஒவ்வொரு பெயரின் பெறுமதியையும் அறிவர்.

இங்கிலாந்தின் வடகிழக்கே நோர்தம்பர்லாந்துப் பகுதியில் ஹாட்லி எனும் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. இறங்கவும் ஏறவும் அதற்கு ஒரேயொரு குழிவழிதான் இருந்தது. 1862 ஜனவரி 16ஆம் திகதி, நீரிறைக்கும் இயந்திரத்தின் பாரிய இரும்பு உத்தரம் முறிந்து வீழ்ந்து அவ்வழியை அடைத்தது. உள்ளே அகப்பட்டோர் கூடிச் செபித்தனர் என்பதைப் பின்னர் கண்டெடுக்கப்பட்ட குறிப்பொன்று கூறுகின்றது. ஆறு நாட்களின் பின் அவர்களைச் சென்றடைந்தபோது எவரும் உயிருடன் இல்லை. அவ்விபத்தில் 204 ஆண்களும் சிறுவர்களும் மாண்டனர். சில இல்லங்களில் தந்தையும் புதல்வர்களும் ஒருங்கே மறைந்தனர். சுரங்கங்களுக்கு இரண்டு வழிகள் வேண்டுமென்ற சட்டம் அதன் பின்னரே, அவ்வாண்டிலேயே பிறந்தது.

அன்று அங்கே தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். 1861 ஏப்ரல் 7ஆம் திகதிய குடிசன மதிப்பீட்டின் பின் பிறந்திருந்தால், அதன் பெயர் அதில் இராது. அடுத்த மதிப்பீடு 1871இல். அதற்குள் இறந்திருந்தால், எந்த மதிப்பீட்டிலும் அக்குழந்தைக்கு இடமில்லை. தாய் மறுமணம் செய்திருந்தால், மாற்றாந் தந்தையின் குடும்பப் பெயரிலேயே பிள்ளை எழுதப்பட்டிருக்கலாம்.

எனினும் தேடுவோருக்கு வழியுண்டு. 1837 முதல் அந்நாட்டில் பேணப்படும் பிறப்புப் பதிவு, தந்தையின் தொழிலையும் தாயின் கன்னிக் குடும்பப் பெயரையும் தருகின்றது. அதைப் பற்றிச் சென்றால் பெற்றோரின் விவாகப் பதிவும், அதிலே இருவரின் தந்தையர் பெயர்களும் கிடைக்கும். ஏர்ஸ்டன் ஆலயச் சேமக்காலையில் நிற்கும் நினைவுத் தூணோ மாண்டவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றது.

மாறிய குடும்பப் பெயரை ஆய்வாளர் ஒரு தடையாகக் கருதுவர். ஆனால், தந்தையை இழந்த பிள்ளைக்கு ஒருவர் தம் பெயரையும் உணவையும் பகிர்ந்தளித்ததன் சாட்சியாகவும் அது இருக்கலாம் அல்லவா? மத்தேயுவின் பட்டியலும் இரத்த உறவால் இயேசுவைச் சென்றடையவில்லை. அவரைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட சூசையப்பர் வழியாகவே சென்றடைகின்றது. மரபு என்பது இரத்தத்தால் மட்டுமன்றி, அன்பாலும் தொடர்கின்றது.

அன்பார்ந்தவர்களே, நம் பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பிள்ளையுடன் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஒரே வரிசையில் எழுதப்படுகின்றனர். இவ்வாரம் உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டன் பாட்டியரின் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். தொட்டிலிலேயே மறைந்த குழந்தைகளின் பெயர்களையும், பெறாத பிள்ளையை வளர்த்தோரின் பெயர்களையும் குடும்ப செபத்தில் நினைவுகூருங்கள். மனிதர் ஏடுகள் விட்டுவிட்ட பெயரையும் இறைவன் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருக்கின்றார் என்பதே இறைவாக்கினர் எசாயா நமக்குத் தரும் ஆறுதல்.